ஜமீனுக்கு எலி பிடிக்கத் தெரியாது

எங்கள் சேந்தங்கரைப் பூனைகளுக்கு எலி பிடிக்கத் தெரியாது என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரிந்த சங்கதி, அதை மூடி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்து ஊர்களில் வேலைக்குப் போகாமல் மாமியார் வீட்டில் படுத்துக் கிடக்கிற மாப்பிள்ளைக்கு 'சேந்தங்கரைப் பூனை' என்று பட்டப்பேர். எனக்கு இந்த ஊரில் சம்பந்தம் பேசி முடித்ததும் கூடப் படித்த பிள்ளைகள், "ஏட்டி சொர்ணக்கிளி, சீர்வரிசையில எலிப்பொறியையும் சேத்து எடுத்துட்டுப் போ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வந்து பார்த்தால் அது பொய்யில்லை. எங்கள் வீட்டுப் பூனைக்கு ஜமீன் என்று பேர், சாம்பல் உடம்பும் வெள்ளை வயிறுமாக நாளெல்லாம் நெல்மூட்டை மேல் சாய்ந்து கிடப்பான், எலி வந்து அவன் வாலைத் தாண்டிக்கொண்டு போகும், அது தாண்டுவதற்குத் தோதாக அவன் வாலைக் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுப்பான். 'மீனு' என்று ஒரு சொல் சொன்னால் மட்டும் எந்த உறக்கத்தில் கிடந்தாலும் காது நிமிர்ந்து தலை திரும்பிவிடும். உலகத்தில் அவனுக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான்.

பூனையைச் சொல்லிக் குற்றமில்லை என்பார் எங்கள் வீட்டுக்காரர். எங்கள் ஊரில் வாசலில் ஒரு நிழல் விழுந்தால் போதும், வந்தது யார் எவர் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே 'வாங்க' என்று சொல்லிவிட வேண்டும். ஆளைப் பார்த்த பிறகு சொன்னால் அது ஆளை எடைபோட்டுச் சொன்னதாகிவிடும், அது மாதிரிக் கேவலம் வேறு கிடையாது. அதேபோல வாசலில் நின்று யாரையும் 'போ' என்று சொல்லக் கூடாது, 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்ல வேண்டும். வைக்கோல் போரிலிருந்து கண் திறக்காத குட்டியாக வந்த நாள் முதல் இதையே கேட்டுக் கேட்டு வளர்ந்த பூனைகள், வீட்டுக்குள் வருகிறது எதுவானாலும் அது அழைத்துத்தான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டன போல.

இதோடு என் வீட்டுக் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை, அண்ணன் தம்பி என்று எனக்கு யாரும் கிடையாது, ஒன்றுவிட்டவன் ரெண்டுவிட்டவன் என்றுகூட ஒருவனும் இல்லை. என் மகள் செவ்வந்திக்குப் போன ஆவணியில் ஒன்பது மாதம் நடந்தது, வருசம் திரும்பும்போது மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும், காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன்தான் சீர் கொண்டு வர வேண்டும், தாய்மாமன்தான் முதல் கம்மல் போட வேண்டும், நாளைக்கு அவள் பெரியவளானால் முறை சொல்லிப் பெண் கேட்கிற உரிமையும் அவனுக்குத்தான். பக்கத்து வீட்டு பிரம்மசக்தி மதினி தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்க்கிறபோதெல்லாம், "மடிக்கு ஆள் தேடிட்டியாட்டி? இல்ல நாற்காலியிலேயே உக்கார வச்சுக் குத்திரப் போறியா?" என்று கேட்பாள். நானும் சிரித்துக்கொண்டே, "அண்ணன் ஒருத்தன் எங்கேயிருந்தாவது வருவான் மதினி, வாசல் திறந்துதான் கெடக்கு" என்பேன். சொன்னது நான்தான். இந்த வாய்தான்.

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், மீன் குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு சிலிண்டர் வருகிற நாள், மிக்ஸி நின்றதும் வாசற்படியில் என்னமோ உரசுகிற சத்தம் கேட்டது, வெயில் பட்ட தரையில் நிழல் ஒன்று விழுந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது, நான் திரும்பாமலே, "வாங்கண்ணே, உள்ள வாங்க, உக்காருங்க, இந்தா வாரேன்" என்றேன். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பினால் கூடத்து நடுவில் ஒரு எலி உட்கார்ந்திருந்தது.

பெருச்சாளி இல்லை, சுண்டெலியும் இல்லை, நடுத்தர வயது எலி, மீசை நரைத்திருந்தது, பின்னங்கால்களை மடக்கிப் பந்தியில் உட்காருகிறவர் மாதிரி நிதானமாக உட்கார்ந்திருந்தது. நெல்மூட்டையில் கிடந்த ஜமீன் எழுந்தான், சோம்பல் முறித்தான், கீழே இறங்கி வந்து எலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாசலுக்கு வெளியே போய்ப் படுத்துக்கொண்டான். எலி போய் அவன் இடத்தில் ஏறி உட்கார்ந்தது.

கூப்பிட்டாகிவிட்டது, கூப்பிட்ட பிறகு என்ன செய்வது? சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், குடித்தது. முந்தின நாள் முறுக்கு ஒன்று இருந்தது, வைத்தேன், தின்றது. மத்தியானம் சோறும் குழம்பும் இலைக் கிழிசலில் வைத்தேன், அதையும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றது. வைத்த எதையும் அது வேண்டாமென்று தள்ளவில்லை, வைக்காத எதையும் தொடவில்லை.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் தளவாய், வாழைத்தார் லோடு இறக்கிவிட்டு வேனை நிறுத்தி உள்ளே வந்தவர், அப்படியே நின்றார்.

"யாரு கிளி இது?"

"அண்ணன்."

"எந்த அண்ணன்?"

"காலைல வந்தாவ. நான் பாக்காம வாங்கண்ணேன்னு சொல்லிட்டேன்."

 அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கையைக் கூப்பி, "வாங்க மச்சான்" என்றார். வேறு என்ன சொல்ல முடியும் அவரால்?

அந்த வாரம் முழுக்க என் வீட்டு வாசலில் வேடிக்கை பார்க்க ஆள் நின்றது. சிரித்தவர்கள் எல்லாரும் ஒரு வாரம்தான் சிரித்தார்கள். ஊருக்கு மேற்கே மூடிக் கிடக்கிற பழைய அரவை மில்லிலிருந்து அடுத்த திங்கட்கிழமை எலிகள் வரிசையாக வந்தன, வாய்க்கால் பாலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தெருத்தெருவாகப் பிரிந்து வீட்டுக்கு ஒன்றாக வாசற்படியில் உட்கார்ந்தன. சமையலில் இருந்தவர்கள் பார்க்காமல் சொன்னார்கள்; பார்த்துவிட்டவர்கள் சொல்லவில்லை. சொல்லாத வீட்டு வாசலில் எலி மழையிலும் வெயிலிலும் அப்படியே உட்கார்ந்திருந்தது, வாசலில் ஒரு ஆள் அழைப்பில்லாமல் காத்துக் கிடக்க எந்த மனிதருக்கு உள்ளே சோறு இறங்கும், மூன்றாம் நாள் அந்த வீட்டுக்காரர்களும் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டார்கள்.

யார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ அதுவாகவே அது ஆகிப்போனது. கீழத்தெருவில் ஒருத்தி 'வாங்க பெரியப்பா' என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து அதன் முன்னால் நைட்டியோடு நடமாட முடியாமல் தவித்தாள். பிரம்மசக்தி மதினி, கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் என்று நினைத்து 'வாங்க சார்' என்று சொல்லியிருந்தாள், அந்த எலி காலை பத்து மணிக்கு மீட்டர்ப் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் இறங்கியது, ஒரு பேச்சு கிடையாது, ஒரு சிரிப்பு கிடையாது. "உனக்காவது அண்ணன் கெடச்சான்டி, எனக்குப் பாரு, ஆபீசர் வந்து வாச்சிருக்கு. டிவி போடவே பயமா இருக்கு" என்று என்னிடம் அழுதாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த ரெண்டு மாதம் ஊர் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மூட்டையில் ஓட்டை இல்லை, ஒரு சேலையில் கடி இல்லை, சோப்பு சோப்பாக இருந்தது, நிலக்கடலை காயப் போட்டால் காயப் போட்டபடியே கிடந்தது. விருந்தாளி திருடுவாரா? பொறிகளை எல்லாம் பரணில் போட்டோம். எங்கள் ஊர் மரியாதைக்கு எலியே கட்டுப்பட்டுவிட்டது என்று டீக்கடையில் உட்கார்ந்து பெருமை பேசினார்கள். பூனைகள் மட்டும் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு வெளியே வந்து மதில்மேல் உட்கார்ந்துகொண்டன. வடக்குத் தெருவில் தொடங்கி தெற்குத் தெரு முடிய மதிலெல்லாம் பூனையாக இருந்தது, ஒரு சத்தம் போடாமல் எல்லாம் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தன.

ஐப்பசியில் கொம்பையா அண்ணாச்சி வீட்டுச் சங்கதி நடந்தது. அவர் வேடிக்கையான மனுசர், கண்டவரையெல்லாம் 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவார், பஸ் கண்டக்டரும் மாப்ளதான், பால்காரரும் மாப்ளதான். எலிகள் வந்த அன்றைக்கும் ஈசிச்சேரில் பேப்பர் பார்த்துக்கொண்டே, "வா மாப்ளே, வந்து உக்காரு" என்று சொல்லியிருந்தார். அவருக்குப் பூரணம் என்று பத்தொன்பது வயதில் ஒரு மகள். ஐப்பசி வளர்பிறையில் அந்த எலி வெற்றிலையும் பாக்கும் வைத்த தட்டைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் காலடியில் நிறுத்தியது.

நாங்கள் எல்லாரும் போய்ச் சொன்னோம். "அண்ணாச்சி, ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான, இல்லேன்னு சொல்லிருங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"எப்படிச் சொல்லுவேன் தளவாய்? நான் சொன்னதைத் தெருவே கேட்டிருக்கு. மாப்ளன்னு கூப்பிட்டு ரெண்டு மாசம் என் வீட்டுச் சோத்தைப் போட்டுட்டேன்லா" என்றார் அவர். குனிந்து தட்டை அவரே எடுத்தார்.

கல்யாணம் முறைப்படி நடந்தது, வடை பாயசத்தோடு விருந்தும் நடந்தது, நாங்களும் போய்ச் சாப்பிட்டோம், சாப்பிடும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பூரணம் பச்சைப் பட்டில், தலை நிறைய மல்லிகையோடு, மத்தியானம் மூன்று மணிக்கு எலியின் பின்னால் வாய்க்கால் பாலத்தைக் கடந்து மில்லுக்குள் போனாள். பாலத்தின் இந்த முனையில் அவள் எங்கள் உயரத்துக்குத்தான் இருந்தாள், அந்த முனையில் அவள் எவ்வளவு உயரம் இருந்தாள் என்று பார்த்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மறுநாள் விடியற்காலையில் மில்லுச் சுவரடியில் இருக்கிற வளை ஒன்றின் வாசலில் கோலம் போட்டிருந்தது. நெல்லிக்காய் அளவுதான், ஆனாலும் ஏழு புள்ளி, பூரணம் தன் வீட்டு வாசலில் போடுகிற அதே தாமரைக் கோலம். அவள் அம்மா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னிக்குக் கம்பி பிசகாம போட்டிருக்கா, நல்லாத்தான் இருக்கா போல" என்று எல்லாரிடமும் சொல்வாள். நாங்களும் ஆமாம் என்போம்.

அந்த வாரந்தான் செவ்வந்திக்குப் பேச்சு வந்தது. தரையில் உட்கார்ந்து மூட்டை மேலிருந்த அண்ணனை நிமிர்ந்து பார்த்து, எச்சில் ஒழுக, இரண்டு கையையும் நீட்டி, "மா... மா" என்றாள். அண்ணன் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். நான் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டேன்.

அன்றைக்கே வாசல் கதவை முழுசாகத் திறந்து வைத்து, "போயிட்டு வாங்கண்ணே" என்றேன். அண்ணன் எழுந்தார், இறங்கினார், தெரு முனைவரை போனார், திரும்பி வந்து மூட்டையில் உட்கார்ந்தார். போயிட்டு வந்துவிட்டார். பத்து தடவை சொன்னேன், பத்து தடவையும் போய்விட்டு வந்தார். அந்த ஒரு எழுத்தை மட்டும், வெறும் 'போ'வை மட்டும் சொல்லிப் பார்க்கலாமென்று வாயைத் திறந்தேன், சரியாக அந்த நேரம் எங்கள் வீட்டுக்காரர் வேன் சாவியோடு படியில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டிருந்தார். அந்தச் சொல் அவர் மேலும் விழுந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

"விசம் வச்சிரலாமா?" என்று அவர் ரகசியமாகக் கேட்டார்.

"கூடப்பொறந்தவன்னு சோறு போட்ட கையால விசத்தையும் வைக்கச் சொல்லுதீங்களா? மேலத்தெருவுல வச்சுப் பாத்தாவல்லா. எலி தின்னுச்சு, ஒண்ணும் ஆகல, அவுக வீட்டுல ரெண்டு நாளா எல்லாரும் வாந்தி."

எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கை ஜமீன்தான். என் பிறந்த ஊரில் பூனை எலி பிடித்து நான் பார்த்திருக்கிறேன், அதனால் மறுநாள் மத்தியானம் அவனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், முன்னால் உட்கார வைத்து, நான் முட்டிபோட்டுத் தரையில் குனிந்தேன். "பாரு ஜமீனு, வயிறு தரையைத் தொடணும். தலை அசையக் கூடாது. வாலு நுனி மட்டும், இந்தா, இப்படி. பெறவு பின்னங்காலை மாத்தி மாத்தி வைக்கணும், இடது, வலது, இடது, வலது. பெறவு ஒரே தாவு" என்று சொல்லி, உருட்டி வைத்த துணிப்பந்தின் மேல் பாய்ந்தேன். ஒரு தடவை இல்லை, ஒரு வாரம், தினமும், முட்டி தேய்கிற அளவுக்கு. கற்றுக்கொள்டா, ஒரே ஒரு தடவைக்கு மட்டும் கற்றுக்கொள்டா என்று கெஞ்சினேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்த பிரம்மசக்தி மதினி, "ஏட்டி, என்னட்டி பண்ணுத?" என்றாள்.

"பாடம் நடத்துதேன் மதினி."

"அது பாஸ் ஆன மாதிரிதான்" என்றாள். ஜமீன் கொட்டாவி விட்டான்.

கார்த்திகை பிறந்த முதல் முகூர்த்தத்தில் சீர் வந்தது. வாய்க்கால் பாலத்திலிருந்து எங்கள் வீட்டு வாசல்வரைக்கும் எலிகள், இரண்டு இரண்டாக, வாயில் கவ்விய தட்டுகளோடு வந்தன. தட்டு என்றால் தேங்காய்ச் சிரட்டை, மாத்திரை அட்டை, குங்குமச் சிமிழின் மூடி. அதில் வெல்லக்கட்டி இருந்தது, மஞ்சள் கிழங்கு இருந்தது, பட்டுத் துணி இருந்தது, ஒரு மூடியில் ஒரு ஜோடிச் சிவப்புக்கல் கம்மல் இருந்தது. கம்மலைக் கையில் எடுத்துப் பார்த்தேன், அது என்னுடையது, நான் இந்த வீட்டுக்கு வந்த கல்யாணத்தன்றைக்குத் தொலைந்து, எல்லாரும் தேடித் தேடிக் கிடைக்காமல் போனது. அப்படியென்றால் மூன்று வருசமாக இதற்காகத்தான் எடுத்து வைத்திருந்தார்கள். நான் வாங்கண்ணே என்று சொல்வதற்கு மூன்று வருசம் முன்னாலேயே.

கடைசிச் சிரட்டையில் ஒரு மஞ்சள் கயிறு சுருட்டி வைத்திருந்தது. என் கட்டைவிரலில் மாட்டுகிற அளவுதான். பூரணம் கழுத்தில் கட்டியதும் மஞ்சள் கயிறுதான்.

காது குத்துக்கு எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் நான் வேலை ஒன்றையும் குறைக்கவில்லை, துவைத்தேன், பெருக்கினேன், சாணி தெளித்தேன், பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். பால் கொடுக்கும்போதுதான் எனக்கு அது தோன்றியது. அண்ணன் என்கிற சொல்லால் வந்த முறையை விரட்ட முடியாது என்றால், அதை வேறு முறையாக மாற்றிவிட வேண்டியதுதானே? மாமனுக்கு முறை உண்டு. கூடப்பிறந்தவனுக்கு எந்தக் காலத்திலும் முறை கிடையாது.

அன்றைக்கு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது, ஊர் முழுக்க வந்திருந்தது, மதில் முழுக்கப் பூனைகள் இருந்தன, நடுவில் மணையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பின்னால் நாற்பது எலிகள். மொட்டைத் தலையில் சந்தனம் தடவி செவ்வந்தியை நான் இடுப்பில் வைத்திருந்தேன், ஆசாரி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "மாமன் மடியில உக்கார வைங்கம்மா" என்றார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான், அந்த மடி எந்த அளவு என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை.

நான் உள்ளே போனேன். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற வெள்ளிப் பாலாடையில் என் பாலைப் பீய்ச்சினேன். கொண்டுவந்து மணைக்கு முன்னால் வைத்தேன்.

"குடி மகனே" என்றேன்.

 அண்ணன் பாலாடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ரொம்ப நேரம் அவர் அசையவில்லை, மீசை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது, பின்னால் இருந்த நாற்பதும் ஒன்றையொன்று பார்த்தன. ஆனால் வைத்த எதையும் தள்ளாதவர் இதை எப்படித் தள்ளுவார்? எங்கள் மரியாதையால் அவர் உள்ளே வந்தார், அவர் மரியாதையால் நான் அவரைப் பிடித்தேன். குனிந்தார், குடித்தார், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

"இப்ப மடிக்கு யாரும்மா?" என்றார் ஆசாரி.

"என் மடி. குத்துங்க."

ஊசி இறங்கியதும் செவ்வந்தி வீறிட்டாள். அதே நேரத்தில் மணையில் இருந்தவனும் வீறிட்டான். திரும்பிப் பார்த்தால் அவனுடைய இடது காதில் ஒரு சொட்டு ரத்தம் நின்றது. ஆசாரி வலது காதையும் குத்தினார். அவன் வலது காதிலும் வந்தது. நாற்பது எலிகளும் மஞ்சள் கயிறு இருந்த சிரட்டையை மட்டும் கவ்விக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போயின. பிரம்மசக்தி மதினி என்னைக் கட்டிக்கொண்டு, "கெட்டிக்காரிடி நீ, கெட்டிக்காரிடி" என்று அழுதாள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. மதில்மேல் படுத்திருந்த ஜமீன் தலையைத் தூக்கிப் பார்த்ததை நான் அப்போது ஒரு விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரில் கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் அதையே செய்தார்கள். பதினான்கு வீட்டில் பதினான்கு பாலாடை. பெரியப்பாவும் சித்தப்பாவும் சாரும் எல்லாம் பிள்ளைகளாகிப் போனார்கள், பால் இல்லாத மதினிக்காக நான்தான் பக்கத்து வீட்டுக்கும் போய்க் கொடுத்தேன். ஒரு பெண்ணுக்கும் இனி முறை கேட்டு யாரும் வர முடியாது என்று ஊர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. நான் அவனை மகனாகத்தான் வைத்திருக்கிறேன், குளிப்பாட்டுகிறேன், பொட்டு வைக்கிறேன், தொட்டிலில் ஒரு பக்கம் அவளையும் ஒரு பக்கம் அவனையும் போடுகிறேன். ஒரே பாலைக் குடித்த பிள்ளைகள். அவன் என் மகன் என்றால் அவள் அவனுக்குக் கூடப்பிறந்தவள். சொல்லுக்கு இரண்டு பக்கமும் உண்டு, நான் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டேன்.

மார்கழியில் அவளுக்குப் பல் முளைத்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு, வெட்டி எடுத்த தேங்காய்ச் சில்லு மாதிரி நீளமாக. தொட்டில் கட்டையை ஒரே காலையில் பாதிவரைக்கும் கொறித்து முடித்திருந்தாள், கீழே மரத்தூள் குவிந்து கிடந்தது. உச்சி முகர்ந்தால் பவுடர் வாசனைக்கு அடியில் பழைய மில்லின் வாசனை அடிக்கிறது. பதினான்கு வீட்டிலும் அப்படித்தான், யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா மட்டும், "எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பல்லா இருக்கே, தண்ணி காரணமோ" என்றாள். ஆமாம், தண்ணீர்தான் என்றோம்.

பூனைகள் மதிலைவிட்டு இறங்கி வந்துவிட்டன. ஒவ்வொன்றும் அதனதன் வீட்டுக்குள் வந்து, மூட்டை மேல் ஏறாமல், தொட்டிலுக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறது.

வெளியே துரத்தலாம். ஆனால் வாசலில் நின்று என்ன சொல்லித் துரத்துவது? 'போயிட்டு வா' என்றுதானே சொல்ல வரும். ஆகவே எங்கள் ஊர்த் தாய்மார் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பூனைக்குப் பசிக்கவே கூடாது. காலையில் சாளை, மத்தியானம் அயிலை, சாயங்காலம் நெத்திலி. மீன்காரர் எங்கள் ஊருக்கென்றே தனிக் கூடை கொண்டுவருகிறார். மீனை வைத்துவிட்டு, அது தின்கிறபோது அதன் முதுகைத் தடவிக்கொண்டே, நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம், பதினான்கு வீட்டிலும் ஒரே நேரத்தில் சொல்கிறோம், மத்தியான வெயிலில் தெருவில் நடந்து போகிறவர்களுக்கு அது பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி கேட்குமாம். உனக்கு எலி பிடிக்கத் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாது. உன் அம்மாவின் அம்மாவுக்கும் தெரியாது. நீ சேந்தங்கரைப் பூனை. உனக்கு எலி பிடிக்கத் தெரியாது, ஜமீனு. உனக்கு எலி பிடிக்கத் தெரியவே தெரியாது.

நான் இப்போதெல்லாம் வாசலையும் தொட்டிலையும் பார்த்தபடிதான் நின்று சமைக்கிறேன். அடுப்பை எதிர்ப்பக்கம் மாற்றி வைத்துவிட்டேன். அம்மியும் மிக்ஸியும்கூட இடம் மாறிவிட்டன. முதுகைக் காட்டிக்கொண்டு நான் யாரையும் எதையும் கூப்பிடுவதில்லை.

இன்று மத்தியானம் பிள்ளைகள் இரண்டும் உறங்குகின்றன, தொட்டில் துணி இரண்டு மூச்சுக்கும் ஒரே அளவாக ஏறி இறங்குகிறது. அயிலைத் துண்டு வைத்த தட்டு ஜமீனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் வைத்த சாளையும் அப்படியே காய்ந்து கிடக்கிறது. அவன் வயிறு தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தலை அசையவில்லை. வால் நுனி மட்டும் அசைகிறது.

"ஜமீனு" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். "வா, மீனு."

காது நிமிரவில்லை. தொட்டிலைப் பார்த்தபடியே அவன் பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்தான், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, இடது, வலது, இடது, வலது.